லெட்சுமி அக்காவின் ஊதா விரல்

1

ஈப்போவில் மழை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். என் இடது கை ஆட்காட்டி விரல் மட்டும் பார்ப்பதற்குக் கதவிடுக்கில் மாட்டி நசுங்கியது போல இருக்கிறது. நகத்திலிருந்து முதல் கணு வரை கருநீலம். கும்பகோணத்தில் ஓட்டுப் போட்டால் நகத்தோரம் சிக்கனமாக ஒரு கோடு இழுத்து அனுப்புவார்கள். இங்கே சோறே தெரியாதபடி குழம்பை வெள்ளமாக ஊற்றிச் சாப்பிடுகிற ஜனங்கள். மையிலும் அதே தாராளம்.

நேற்று எங்கள் தொகுதியில் நாடாளுமன்ற இடைத்தேர்தல். கல்யாணம் செய்துகொண்டு இந்த நாட்டுக்கு வந்து, ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்து, அவளுக்கே ஓட்டு வந்து, அவள் அதை அலட்சியப்படுத்தவும் ஆரம்பித்துவிட்ட பிறகு, நான் முதல்முதலாக ஓட்டுப் போட்டேன். காலையிலிருந்து ஒற்றை விரலை நீட்டிக்கொண்டே காய் நறுக்கியதில் பீன்ஸ் பாதி தரையில்.

“அழியாதுமா அது. சும்மா மத்த விரல் மாதிரி மடக்கி வேல செய்யி” என்கிறார் சிவா. என் கணவர். எங்கள் வட்டாரமான குனோங் ராபாட்டில் டயர் கடை வைத்திருக்கிறார். இவர் பிறந்தபோதே பிரஜை. உப்பு விலை தெரியாத பணக்காரர் போலப் பேசுவார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என் விரலைப் பற்றி அல்ல. எதிர்வீட்டு லெட்சுமி அக்காவின் விரலைப் பற்றி.

2

லெட்சுமி அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கணவர் இல்லை. மகன் சிங்கப்பூரில். இந்த ஊரில் இப்போது திரும்பின பக்கமெல்லாம் கல்லூரிதான். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது, கரையில் பட்டம் கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் வெளியூர்ப் பல்கலைக்கழகங்களில். அப்படியொரு வளாகத்தின் கேன்டீனில் அக்கா நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் வடையும் விற்கிறாள். வருங்கால டாக்டர்கள் பலருடைய கொழுப்புக்கு அவள்தான் பொறுப்பு.

அக்காவுக்கு அரசியல் என்றால் உயிர். கட்சிப் பேச்சுக் கூட்டம் எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பாள். யார் எந்தக் கட்சியிலிருந்து எந்தக் கட்சிக்குத் தாவினார், திரும்பி வந்தபோது என்ன சொன்னார் என்பதெல்லாம் விரல் நுனியில். தேர்தல் நாளன்று காலையில் நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு கிளம்புவாள். மத்தியானம் ஊதா விரலோடு தெருவில் தென்படுவாள்.

ஒரே ஒரு விசித்திரம். இங்கே மை வைப்பது இடது கையில். அக்காவுக்கு மட்டும் வலது கை விரல் ஊதாவாக இருக்கும். இடது கை விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். கேட்டால், “புண்ணுலா. வலது கைலயே போட்டுக்கங்கன்னு ஆபீசர் சொல்லிட்டாரு” என்பாள், இந்த நாட்டுப் பேச்சின் வாலான ‘லா’வும் சேர்த்து. அடுத்த தேர்தலிலும் அதே விரலில் அதே புண். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் புண்ணைப் பற்றி மருத்துவப் புத்தகம் எதிலும் நான் படித்ததில்லை. ஆனாலும் கேட்கவில்லை. நானே வந்தேறி. ஊர் வழக்கம் எது, வினோதம் எது என்று பிரித்துப் பார்க்கும் தைரியம் வர எனக்குப் பல வருடங்கள் ஆயின.

3

இங்கே மனிதர்கள் இரண்டு நிறம். நீல அடையாள அட்டை வைத்திருப்பவர் பிரஜை. சிவப்பு அட்டை வைத்திருப்பவர் நிரந்தரமாகத் தங்கலாம், வரி கட்டலாம், நோய்வாய்ப்படலாம். ஓட்டுப் போட முடியாது. அட்டையை எல்லோரும் ஐசி என்பார்கள். நான் சிவப்பு ஐசி. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கட்சிக்காரர்கள் வாசலுக்கு வந்தால் “எனக்கு ஓட்டு இல்லைங்க” என்பேன். உடனே கொடுத்த விசிறியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். புழுக்கத்தைத் தவிர நஷ்டமில்லை.

ஒருநாள் சிவப்பு ஐசி விஷயமாகப் பதிவு இலாகாவுக்குப் போயிருந்தேன். எண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலி நாற்காலி தேடினால், அங்கே லெட்சுமி அக்கா. மடியில் சிவப்பு ஐசி. பொதுத்தேர்தல் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வலது கை விரல் இன்னும் ஊதா.

அவள் முதலில் கையை மறைத்தாள். பிறகு ஐசியை. அப்புறம் எதை மறைத்தும் பயனில்லை என்று தெரிந்து, பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

“உக்காரு மீனா.”

உட்கார்ந்தேன்.

“தோட்டத்து டிஸ்பென்சரில புண்ணுக்குப் போடுவாங்கல்ல, ஊதா மருந்து? அதான் இது. பார்மசில இன்னமும் கெடைக்கிது.”

சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் அவள். கூலிகளுக்கான லயத்து வரிசை வீட்டில் பிரசவம், பிறப்பைப் பதிவதற்குள் தாய் தவறிவிட்டாள். தகப்பனார் பால்மரம் வெட்டப் போனாரே தவிர பட்டணத்து ஆபீசுக்குப் போகவில்லை. பிறந்த நாட்டில் சிவப்பு ஐசி. கணவருக்கு நீலம், பெற்ற மகனுக்கு நீலம். குடும்பத்தில் இவள் மட்டும் வேறு நிறம்.

“எலெக்சன் நாள்ல தோட்டத்துக்கு லோரி வரும். நீல ஐசிக்காரங்கள்லாம் வெள்ளையும் சொள்ளையுமா ஏறிப் போவாங்க. எங்கப்பாவும் நானும் மரத்துக்கிட்ட நின்னு பாப்போம். அவுங்க திரும்பி வந்து பேசுற பேச்சு இருக்கே! அந்த ஒரு நாளாச்சும் நானும் லோரில இருந்த மாதிரி இருக்கட்டும்னுதான்...” என்று நிறுத்திக்கொண்டாள்.

“சரிக்கா, ஏன் வலது கை?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. “மொத தடவ மை வந்தப்ப எனக்கு எப்புடித் தெரியும்? ஒரு ஆபீசர் முன்னால போயி யாராச்சும் எடது கைய நீட்டுவாங்களாலா? நம்ம ஆளுங்க மொதக்கொண்டு மலாய்க்காரங்க வரைக்கும் எடது கைல ஒரு சாமான் குடுப்பாங்களா, வாங்குவாங்களா? வீட்டுலயே வலதுல பூசிட்டு வெளிய வந்தா, தெரு பூரா எடது கையத் தூக்கிக் காட்டுது. அப்புறம் மாத்துனா மொத தடவ பொய்யின்னு ஆயிடும்ல? அதான் பிளாஸ்திரி.”

ஒரு பொய்க்கு இத்தனை கொள்கைப் பிடிப்போடு நடந்துகொண்ட யாரையும் நான் அரசியலில் கண்டதில்லை.

“பாக்கியத்துக்கு மட்டும் தெரியக் கூடாது” என்றாள். பாக்கியம் என்பது அடுத்த வீட்டம்மா. குனோங் ராபாட்டுக்குத் தனியாகச் செய்தித்தாள் தேவையில்லாமல் செய்தவர்.

4

அன்று முதல் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தோம். சேர்ந்து போனோம், சேர்ந்து காத்திருந்தோம், தனித்தனியாக நிராகரிக்கப்பட்டோம். இந்தப் பகுதியை விரித்து எழுதினால் நீங்களும் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மலாய் மொழி நேர்காணலை மட்டும் சொல்கிறேன். “இவ்வளவு காலமாகக் காத்திருக்கிறீர்களே” என்றார் அதிகாரி, மரியாதையான மனிதர். நான் பொறுமைசாலி என்று சொல்ல நினைத்து, கம்பீரமாக நிமிர்ந்து, எனக்குப் பசிக்கிறது என்று சொல்லிவிட்டேன். பொறுமைக்கு ‘சபார்’, பசிக்கு ‘லபார்’; தமிழில் எழுதினால் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அவர் ஒரு கணம் யோசித்து, மேசை இழுப்பறையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். வலது கையால் வாங்கிக்கொண்டேன்.

முதலில் எனக்குக் கிடைத்தது. அதுதான் கொடுமை. காவிரிக்கரையில் பிறந்தவளுக்கு நீலம். இந்த மண்ணில் பிறந்து இதன் மழையில் நனைந்தவளுக்கு இன்னும் சிவப்பு. இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு வந்த அன்று அழலாமா சிரிக்கலாமா என்று தெரியாமல் தோசை வார்த்தேன். அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் அவள் வீட்டுப் பக்கம் பார்க்காமல் துணி காயப்போட்டேன்.

அவளே கேசரிக் கிண்ணத்தோடு வந்தாள்.

“ஏன்டி, எனக்கு முந்தி ஒனக்கா?”

“அக்கா, நான் வந்து...”

“வாயத் தொற” என்று ஒரு கரண்டி கேசரியைத் திணித்தாள். “ஒருத்திக்கு வந்துச்சில்ல? கதவு தொறந்திருக்குன்னு அர்த்தம். நான் வாரேன் பின்னாலயே.”

வந்தாள். மறு தீபாவளிக்கு முன்பே. புது ஐசியைக் கையில் வாங்கியதும் முகர்ந்து பார்த்தாள். என்னக்கா வாசனை என்றேன். பிளாஸ்டிக் வாசனைதான் என்றாள். தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? தெருவைப் பொறுத்தவரை அவள் காலங்காலமாக ஓட்டுப் போடுகிறவள்.

5

அப்போதுதான் எங்கள் ஒய்.பி. காலமானார். நாடாளுமன்ற உறுப்பினரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நல்ல மனிதர், அதனால் ஒரு வாரம் துக்கம் காத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள்.

இடைத்தேர்தல் என்பது ஒரு தொகுதி தன் வாழ்நாளில் மாப்பிள்ளையாகிற பருவம். என் மகள் கயல் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எரியாத தெருவிளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் தெரிந்த சாலைப் பள்ளத்தை மறுநாள் அடைத்தார்கள். கால்வாய்க்கு மூடி வந்தது. அமைச்சர்கள் சந்தையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தார்கள்.

அக்காவுக்கு ஒரே கவலை: வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியிருக்குமா? பதினெட்டு வயதானவர்கள் பெயர் தானாகவே ஏறிவிடும். ஆனால் அதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். கோலாலம்பூரில் படிக்கும் கயலைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பட்டியலைப் பார்க்கச் சொன்னோம். என் பெயர் இருந்தது. அக்காவின் ஐசி எண்ணைத் தட்டினால் ‘பதிவு இல்லை’.

“அடுத்த தடவ போட்டுக்கலாம்லா ஆன்ட்டி. ஒரு ஓட்டுத்தானே? நானே வரலாமா வேணாமான்னு இருக்கேன். அசைன்மென்ட் பாஞ்ஞாக் இருக்கு” என்றாள் கயல். பாஞ்ஞாக் என்றால் நிறைய. என் மகளின் தமிழில் வினைச்சொல் மட்டும்தான் என் வழி வந்தது.

 அக்கா தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஊறவைத்த பருப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்று அவள் வடையில் உப்பு இல்லை என்று கேன்டீனே பேசியதாகக் கேள்வி.

நான் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லோரி, ஊதா மருந்து, பிளாஸ்திரி. அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. சமூக அறிவியல் படிக்கிற பெண். எதிர்வீட்டை அவர்கள் பாடத்தில் சேர்க்கவில்லை போலிருக்கிறது.

அதன் பிறகு தினமும் அவளே பட்டியலைப் பார்த்தாள். இடைத்தேர்தலுக்கான பட்டியல் வந்த அன்று, வகுப்பிலிருந்தே கூப்பிட்டாள். “மம்மி! ஆன்ட்டி பேரு இருக்கு! நான் டிரெய்ன் டிக்கெட் போட்டுட்டேன்.”

நான் செருப்பில்லாமல் ரோட்டைக் கடந்து ஓடினேன். அக்கா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “சத்தம் போடாத, பாக்கியம் நிக்கிறா” என்றாள். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

6

தேர்தலுக்கு முதல் நாள் சாயங்காலம் பாக்கியம் ஒரு யோசனை சொன்னார்.

“இந்தியாக்காரிக்கு இதான் மொத ஓட்டு. போயி முழிக்கப் போவுது. லெட்சுமி, நீ பழைய ஆளு, நீயே கூட்டிட்டுப் போயி சொல்லிக்குடு.”

தெருவே ஆமோதித்தது. ஆக, ஓட்டுச்சாவடியின் உள்பக்கத்தைக் கண்டிராத ஒருத்தி, கண்டிராத இன்னொருத்திக்கு, கண்டவர்கள் முன்னிலையில் வகுப்பு எடுத்தாள். எடுத்தாளே! தயங்காமல், கேள்விக்கு இடம் தராமல்.

“உள்ள போனதும் ஆபீசருக்கு வணக்கம் வைக்கணும். பேரு கேட்டா அப்பா பேரோட சொல்லணும். பயப்படக் கூடாது. சீட்ட மடிக்கும்போது நாலா மடிக்கணும், வேட்டி மாதிரி.”

“அதெல்லாம் சரிக்கா, எந்தக் கைய நீட்டணும்?” என்றேன் நான்.

என் தொடையில் விழுந்த கிள்ளு இன்னும் வலிக்கிறது. அதற்கும் ஊதா மருந்து போடலாம்.

காலையில் சிவா காரை எடுத்தார். அக்கா ஏறவில்லை. பட்டுச் சேலையில், கொண்டையைச் சுற்றிப் பூவோடு, ரோட்டிலேயே நின்றாள்.

“சிவா தம்பி, கடை லோரி இருக்கா?”

“அது டயர் ஏத்துற லோரிக்கா. ஓட்டுப் போடுற ஸ்கூலு அந்தா தெரியுது, நடந்தே போலாம்.”

“எனக்கு லோரி வேணும்.”

சிவாவுக்குக் காரணம் தெரியாது. ஆனால் பெண்கள் அந்தக் குரலில் பேசினால் காரணம் கேட்கக் கூடாது என்பது தெரியும். கடைக்குப் போய் எடுத்துவந்தார். பின்பக்கம் ஒரு பழைய டயரைப் போட்டு, அதன் மேல் அக்காவையும் என்னையும் உட்காரவைத்தார். முந்தின இரவே வந்து இறங்கியிருந்த கயல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பட்டுச் சேலைகளும் ஒரு பல்கலைக்கழகமும் டயர் வாசனையோடு சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் ஊர்வலம் போனோம். இரண்டு கட்சிக் கூடாரக்காரர்களும் கைகாட்டினார்கள். அக்கா மூன்றாவது வேட்பாளர் மாதிரி எல்லோருக்கும் கும்பிடு போட்டாள்.

7

இங்கே வாக்காளர்களை வயதுப்படி வரிசை பிரிப்பார்கள். முதியவர்களுக்குக் கீழ்த்தளம், இளசுகளுக்கு மாடி. நான் மனதளவில் மாடிக்குத் தயாராகப் போனேன். வழிகாட்டிய பையன் என் தலையைப் பார்த்துவிட்டு, கீழேயே, அக்காவின் வரிசையிலேயே நிறுத்தினான். நரையை மறைத்துவிட்டதாக நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அங்கே முடிந்தது. எனக்குப் பின்னால் பாக்கியம்.

அறைக்குள் முதல் மேசையில் ஓர் இளைஞர் அக்காவின் ஐசியை வாங்கிப் பட்டியலில் பார்த்தார். பிறகு கட்சி முகவர்கள் கேட்கும்படி உரக்க வாசித்தார்.

“லெட்சுமி ஆனாக் பெரம்புவான் முனுசாமி!”

முனுசாமியின் மகள் லெட்சுமி. மரத்தடியில் நின்று லோரியைப் பார்த்த அந்த முனுசாமி. வகுப்பறைச் சுவர்களில் அந்தப் பெயர் மோதித் திரும்பியது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அக்கா அடுத்த மேசைக்குப் போனாள். மைக்குப்பியோடு ஒரு மலாய்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா வணக்கம் வைத்தாள். கையை நீட்டினாள். வலது கையை.

 எத்தனை வருடப் பழக்கம்!

“தாங்ஙான் கிரி, ஆன்ட்டி” என்றாள் அந்தப் பெண் மெதுவாக. இடது கை, ஆன்ட்டி.

அக்கா இடது கையை எடுத்தாள். பிளாஸ்திரி இல்லாத, புண் இல்லாத விரல். வெறும் இடது கையை நீட்ட மனசு வராமல், அதன் மணிக்கட்டை வலது கையால் தாங்கிப் பிடித்து, மரியாதையாக நீட்டினாள். அந்தப் பெண் ஒரு பூவுக்கு நிறம் தீட்டுவது போல நிதானமாக மை பூசினாள்.

கும்பகோணத்தில் என் அப்பா பள்ளி ஆசிரியர். ஒவ்வொரு தேர்தலுக்கும் சாவடி வேலை போடுவார்கள். ஊருக்கெல்லாம் ஒரு விரலில் மை என்றால் அவர் பத்து விரலிலும் மையோடு வீடு திரும்புவார்; அம்மா அதே கையோடு சோற்றைத் தொடக் கூடாது என்பாள். அக்காவின் விரலில் மை ஏறுவதைப் பார்த்தபோது அந்தப் பத்து விரல்களும் ஞாபகம் வந்தன. அடுத்து என் பெயரை வாசித்ததை இரண்டாவது முறைதான் கேட்டேன்.

8

வெளியே மழைமரத்தடியில் தெருப் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். அக்கா நடுவில் போய் நின்றாள். இடது கையைத் தூக்கினாள்.

“பாத்துக்குங்க. இதான் எனக்கு மொத ஓட்டு.”

 நான் தரையைப் பார்த்தேன்.

“இத்தன நாளா பூசிக்கிட்டு வந்தது மருந்து. எனக்கு ஓட்டே இல்ல. போன வருசந்தான் நீல ஐசி வந்துச்சி. அந்தத் தம்பி எம்பேர எம்புட்டுச் சத்தமா படிச்சான்! அதுக்கப்புறம் இன்னமும் ஒளிச்சி வைக்க எனக்குப் புடிக்கல.”

பாக்கியம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: “முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன்.”

“வலது கைல பூசிட்டு வந்தப்பவே தெரியும்லா எங்களுக்கு! எவளுக்குத் தெரியாது இங்க? பிளாஸ்திரி வேற, எலெக்சனுக்கு எலெக்சன்!”

“தெரியுமா?” தூக்கிய கையை அக்கா இறக்கினாள். “அப்ப ஏன்டி ஒருத்தியும் கேக்கல?”

“கேட்டு?” என்றார் பாக்கியம். “நீ சேல கட்டிக் கெளம்புற அழகப் பாக்கவே நாங்க காத்துட்டு நிப்போம். அதக் கெடுக்கச் சொல்றியா?” பிறகு, அவர் குணத்துக்குப் பொருந்தாத மெல்லிய குரலில், “மீனா அன்னிக்கிப் போட்ட சத்தத்துலயே ஒம்பேரு ஏறுனது தெரிஞ்சிடுச்சி. நேத்து ஒன்னய சொல்லிக்குடுக்கச் சொன்னதே, நீ பயப்படாம துணையோட போவணும்னுதான்” என்றார்.

செய்தித்தாள் தேவையில்லாமல் செய்த பாக்கியம், இந்த ஒரு செய்தியை இத்தனை தேர்தலாக அச்சேற்றவில்லை.

அக்கா அவரைக் கட்டிக்கொண்டாள். பாக்கியத்தின் வெள்ளை ரவிக்கையில் ஐந்து விரலுக்குப் பதில் ஒரு விரல் மட்டும் ஊதாவாகப் பதிந்தது. ஈர மை. போகவே போகாது. பாக்கியம் இனி அதைத் துவைக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். கயல் ஓரமாக நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே படம் எடுத்தாள்; அதை அவள் தன் நண்பர்களுக்கு அனுப்பி, கீழே சுத்தத் தமிழில், ஒரு மலாய்ச் சொல்கூட இல்லாமல், “எங்கள் தெரு” என்று எழுதியதை இரவில்தான் பார்த்தேன்.

இடைத்தேர்தலில் யார் ஜெயித்தார் என்று கேட்பீர்கள். நான் போட்டவர் தோற்றார். எங்கள் குடும்ப ராசி அப்படி. கும்பகோணத்தில் என் அப்பா போட்டவர்களுக்கும் அதே கதைதான். நேற்று இரவே தெருவிளக்கு மறுபடி அணைந்துவிட்டது.

அக்கா யாருக்குப் போட்டாள் என்பது தெரியவில்லை. நேற்று வீடு திரும்ப லோரியில் ஏறும்போதே கட்சிப் பையன் ஒருவன் ஓடிவந்து கேட்டான்: “ஆன்ட்டி, நமக்குத்தானே?”

அக்கா டயர் மேல் சௌகரியமாக உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஊதா விரலை உதட்டின் குறுக்கே வைத்தாள்.

“ரகசியம்டா தம்பி. சட்டத்துலயே இருக்கு.”

பிறகு லோரியின் பக்கவாட்டில் பலமாக இரண்டு தட்டுத் தட்டினாள். “எடு சிவா, போலாம். வளைஞ்சி போ. தெரு பூரா பாக்கணும்.”